டை ஏன் முறுக்கிக்கொள்கிறது? பட்டுச்சேலையில் டை தைக்கலாமா? தையல் கேள்வி–பதில்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து டை பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: சட்டை, பேன்ட், கோட் எல்லாம் தைப்பேன். வாடிக்கையாளர் ஒருவர் கேட்டதால் முதல் தடவையாகப் பட்டுத்துணியில் டை தைத்தேன். தொங்கவிட்டால் முறுக்கிக்கொள்கிறது. இஸ்திரி போட்டால் நேராகிறது, மறுநாள் பழையபடி முறுக்கு. தவறு எங்கே?
— சிவாஜிநகர் வாசகர்

பதில்: இஸ்திரிப் பெட்டியால் இது தீராது. பெரும்பாலும் கோளாறு வெட்டில்தான் இருக்கும்.

டைக்குத் துணியை க்ராஸில், சரியாக 45 டிகிரியில் வெட்ட வேண்டும். பாவு நூலும் (துணியில் நீளவாக்கில் ஓடுவது) ஊடை நூலும் (குறுக்கே ஓடுவது) டையின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் ஒரே சாய்வில் இருந்தால்தான், முடிச்சுப் போடும்போது இரண்டு பக்கமும் சமமாக இழுபடும். அவிழ்த்ததும் சமமாகத் திரும்பும். இரண்டு மூன்று டிகிரி தவறினாலும் ஒரு பக்கம் கூடுதலாக இழுபட்டு, டை அந்தப் பக்கம் சுருளத் தொடங்கிவிடும். சட்டைக் கையில் இந்த அளவு பிசகு கண்ணுக்குத் தெரியாது. டை குறுகலாக, நீளமாக, ஒரு முனையில் மட்டும் பிடிப்போடு தொங்குவதால் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

கரையை ஒட்டி ஸ்கேலை வைத்து 45 டிகிரி கோடு போட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். அது போதாது. சுருட்டி, மடித்து, இழுத்து அளந்து விற்ற துணியில் ஊடை சாய்ந்துபோயிருக்கும். முதலில் துணியின் ஓரத்திலிருந்து ஒரு ஊடை நூலை உருவுங்கள். அந்தத் தடத்தில் வெட்டினால் உண்மையான குறுக்கு ஓரம் கிடைக்கும். அந்த ஓரமும் கரையும் மூலையில் செங்கோணமாக வருகிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வராவிட்டால், செங்கோணத்தைவிட விரிந்திருக்கும் எதிரெதிர் மூலைகள் இரண்டையும் இருவர் பிடித்து மெதுவாக இழுத்துச் சதுரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு குறுக்கு ஓரம் கரையின் மேல் படியும்படி மூலையை மடித்தால், விழும் மடிப்புதான் 45 டிகிரி.

இன்னொரு பழக்கத்தையும் டைக்கு விட்டுவிட வேண்டும். சட்டைக்குத் துணியை இரண்டாக மடித்து வெட்டுவோம். பட்டு நழுவும்; அடித்துணி எந்தப் பக்கம் நகர்ந்தது என்று தெரியாது. டைக்கு எப்போதும் ஒற்றைத் துணி, நல்ல பக்கம் மேலே, காகித மாதிரி, அதன் மேல் கனமான பொருள். எல்லாத் துண்டுகளும் ஒரே திசைச் சாய்வில் வர வேண்டும். ஒன்று மாறினாலும் கோடு போட்ட துணியில் ஒட்டு விழும் இடத்தில் கோடுகள் அம்பு முனையாகச் சந்திக்கும்.

வெட்டு சரியா என்று சோதிக்க எளிய வழி உண்டு. டையின் கூர்முனை 90 டிகிரி. நடுக்கோடு சரியான க்ராஸில் இருந்தால், அந்த முனையின் ஓரங்களில் ஒன்று பாவு நூலோடும் மற்றது ஊடை நூலோடும் ஒட்டி ஓடும். பூதக்கண்ணாடியில் பாருங்கள். நூல்கள் ஓரத்தைச் சாய்வாகக் கடந்தால் வெட்டு பிசகியிருக்கிறது.

வெட்டு சரியாக இருந்தும் முறுக்கினால், பின்தையலைப் பிரித்து உள்ளே இருக்கும் கேன்வாஸை வெளியே எடுத்து, மேல்துணியை மட்டும் தொங்கவிடுங்கள். மேல்துணி நேராகத் தொங்கினால் பழி கேன்வாஸின் மேல். அதுவும் 45 டிகிரியில் வெட்டப்பட்டிருக்க வேண்டும். மிச்சத் துணி என்று நேர்வாக்கில் வெட்டிச் சேர்த்தால், இழுபடும் பட்டும் இழுபடாத கேன்வாஸும் ஒன்றையொன்று இழுக்கும். இரண்டும் சரி என்றால், பின்தையலை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்கள். அதை மட்டும் தளர்வாக மறுபடி போட்டால் போதும். மேல்துணியே முறுக்கினால் அந்தத் துணியைக் காப்பாற்ற வழியில்லை, புதிதாக வெட்டுங்கள்.

கேள்வி: டைக்குள் வைக்கும் துணி எது? கடையில் கேன்வாஸ் என்று கேட்டால் காலர் கேன்வாஸைத்தான் தருகிறார்கள். தைக்கும் வரிசையையும் சொல்லுங்கள்.
— அல்சூர் வாசகி, தையல் வகுப்பு மாணவி

பதில்: காலர் கேன்வாஸ், பக்ரம் (பசையிட்டு விறைப்பாக்கிய துணி), இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் ஃபியூசிங் மூன்றும் வேண்டாம். ஃபியூசிங் பட்டோடு ஒட்டிக்கொள்வதால் துணி நகரவே முடியாது. முடிச்சு அட்டை போல விறைக்கும், அவிழ்த்த பிறகும் மடிப்புத் தழும்பு நிற்கும், கொஞ்ச நாளில் ஆங்காங்கே கொப்புளம் எழும்பும். டைக்கு வேண்டியது தளர்வான நெசவில், மேலே லேசாக ரோமம் எழுப்பிய கம்பளி அல்லது கம்பளிக் கலப்புத் துணி. அந்த ரோமம் பட்டுத்துணியை நழுவாமல் பிடித்துக்கொள்ளும், கம்பளி நசுங்கினாலும் நிமிரும்.

சிக்பேட்டை, கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கத்து லைனிங் கடைகளில் ‘டைக்குள் வைக்கும் கம்பளித் துணி’ என்று விளக்கிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கறைபட்ட பழைய நல்ல டை ஒன்றைப் பிரித்து உள்துணியை எடுங்கள். ஏற்கெனவே க்ராஸில், சரியான வடிவத்தில் வெட்டியது கையில் கிடைக்கிறது. முதல் டைக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சிலவற்றில் நீளவாக்கில் பொன்னிறக் கோடுகள் இருக்கும். கோடு கூடக்கூட உள்துணி கனமானது என்று அர்த்தம். மேல்துணி கனம் என்றால் உள்துணி லேசாகவும், மேல்துணி லேசு என்றால் உள்துணி கனமாகவும் இருக்க வேண்டும். இரண்டும் கனமானால் முடிச்சு குண்டாகிவிடும், இரண்டும் லேசானால் துவளும்.

இனி அளவு. முடிந்த டை 57 அல்லது 58 இஞ்ச் நீளம், அகன்ற முனை 3 முதல் 3½ இஞ்ச், குறுகிய முனை ஏறத்தாழ 1½ இஞ்ச். மேல்துணி மூன்று துண்டு: முன் இலை (அகன்ற முனை உள்ளது), கழுத்துத் துண்டு, வால் (குறுகிய முனை உள்ளது). 1920களில் நியூயார்க்கின் ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. க்ராஸில் ஒரே நீளமாக வெட்டினால் துணி ஏராளமாக வீணாகும். மூன்றாகப் பிரித்ததால் மிச்சமானது. மேல்துணியின் அகலம், எந்த இடத்திலும் முடிந்த அகலத்தைப் போல இரண்டு மடங்கும் அதற்கு மேல் ஏறத்தாழ 1 இஞ்சும். உள்துணியை முடிந்த அகலத்துக்கே வெட்டுங்கள், மடிக்க விட வேண்டாம்.

முதலில் மூன்று துண்டுகளையும் ஒட்டுங்கள். ஒட்டும் ஓரங்கள் டைக்குக் குறுக்கே சாய்வாக, நூல் ஓட்டத்தோடு வர வேண்டும். அப்போதுதான் தையலின் கனம் ஒரே இடத்தில் குவியாது, இழுத்தாலும் தையல் அலையாது. ¼ இஞ்ச் பிடித்து, தையலை இருபுறமும் விரித்து அழுத்துங்கள்.

அடுத்தது முனைகளுக்கு லைனிங். அனுபவம் உள்ளவர்களும் தடுமாறும் இடம் இதுதான், கூர் மழுங்கிவிடும். ஊசியை மூலையில் திருப்பித் தைக்காதீர்கள். மேல்துணி முனையை நடுக்கோட்டில், நல்ல பக்கம் உள்ளே வரும்படி மடித்து, கூர் எங்கே முடிய வேண்டுமோ அங்கே மடிப்புக்குச் செங்குத்தாக ஒரு சின்னத் தையல் போட்டு, மிச்சத்தைக் கத்தரித்துத் திருப்புங்கள். கூர் தானாக நிற்கும். லைனிங்கை மேல்துணியைவிட ஒரு நூல் (⅛ இஞ்ச்) சிறியதாக வெட்டி, இரண்டு பக்கங்களையும் தனித்தனியாக, கூருக்கு ஒரு தையல் முன்பே நிறுத்தித் தையுங்கள். லைனிங் பெரிதாகிவிட்டால் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

பிறகு மேல்துணியைக் கவிழ்த்து, உள்துணியை நடுவில் வைத்து, அதன் கூர்முனையை டை முனைக்குள் முழுவதும் செருகுங்கள். இடைவெளி இருந்தால் முனை துவண்டு மடங்கும். ஒரு பக்கத்தை மடியுங்கள். மறுபக்க ஓரத்தை ⅜ இஞ்ச் உள்ளே மடக்கி அதன் மேல் படியவையுங்கள். இரண்டு பக்க மடிப்பும் உள்துணியைச் சற்றே உருண்டு அணைக்க வேண்டும், இழுத்துப் பிடிக்கக்கூடாது. குண்டூசி மெல்லியதாக இருக்கட்டும், பின்பக்கம் மட்டும் குத்துங்கள். பட்டில் விழுந்த துளை மூடாது.

கடைசி வேலை பின்தையல். டையைவிடக் கூடுதல் நீளமுள்ள ஒரே நூல், நடுவில் முடிச்சு இல்லாமல். மேல் மடிப்புக்குள் ஊசியை ஓட்டி வெளியே எடுத்து, கீழ்த்துணியையும் உள்துணியில் ஓரிரு இழையையும் பிடித்து, மறுபடி மடிப்புக்குள். ஏறத்தாழ ⅜ இஞ்சுக்கு ஒன்று. முன்பக்கத் துணியில் ஊசி படவே கூடாது. ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை டையை நீளவாக்கில் லேசாக இழுத்து, நூலுக்குத் தளர்வு கொடுங்கள். இரு முனைகளிலும் ஒரு இஞ்ச் அளவுக்கு நூல் வளையம் விட்டு உள்ளே செருகுங்கள். பக்க மடிப்புகள் பிரியத் தொடங்கும் இடத்தில் நூலைக் குறுக்கே சில தடவை ஓட்டி அழுத்தமான பூட்டுத்தையல் போட வேண்டும். வாலைச் செருகும் பட்டி, அகன்ற முனையிலிருந்து 8 இஞ்ச் வாக்கில்.

கேள்வி: மகன் கல்யாண ரிசப்ஷனுக்குக் கோட் போடுகிறான். என் காஞ்சிப் பட்டுச்சேலையிலேயே அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் டை தைக்க ஆசை. முடியுமா? எவ்வளவு துணி வேண்டும்?
— ஸ்ரீராமபுரம் வாசகி

பதில்: முடியும் அம்மா. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் முழுச் சேலையில் கத்தரி வைக்காதீர்கள். வெட்டித் தைக்காத ரவிக்கைத் துண்டு இருந்தால் அதுவே போதும். 80 செ.மீ. நீளமுள்ள ரவிக்கைத் துண்டில் ஒரு டை வரும். டை முனையும் துணியின் மூலையும் ஒரே 90 டிகிரி என்பதால், முன் இலையின் கூர்முனையைத் துண்டின் மூலையிலேயே பொருத்தி, அங்கிருந்து 45 டிகிரி சாய்வில் வெட்டலாம். இருபுறமும் மிஞ்சும் முக்கோணங்களில் கழுத்துத் துண்டும் வாலும் கிடைக்கும்.

இரண்டு டை வேண்டும், சேலை ஏற்கெனவே இற்றுப்போனது என்றால் உடல் பகுதியில் 1½ மீட்டர் எடுங்கள். இருபுறக் கரையும் போக உடல் 36 இஞ்ச் அகலம் நிற்கும் என்று வைத்தால், க்ராஸ் நீளம் ஏறத்தாழ 51 இஞ்ச் வரும். மூன்று துண்டாக வெட்டுவதால் இது தாராளம்.

வெட்டும் முன் மூன்று சோதனைகள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த சேலையில் அந்த மடிப்புக் கோட்டில்தான் பட்டு முதலில் விடும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பாவு வழியிலும் ஊடை வழியிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டாலும் அந்த இடத்தை ஒதுக்குங்கள், முடிச்சின் இழுவையை அது தாங்காது. அரக்கு, மாம்பழ மஞ்சள் சேர்ந்த சேலை என்றால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள். வெள்ளைச் சட்டைக் காலர் ரிசப்ஷன் மேடையில் சிவக்கக்கூடாது. மூன்றாவது, புட்டாவின் பின்பக்கம். அங்கே ஜரிகை நீளமாக மிதந்தால் அது உள்துணியின் ரோமத்தில் சிக்கி, முன்பக்கம் சுருக்கம் காட்டும். ஒன்று வெற்று உடலைத் தேர்ந்தெடுங்கள், அல்லது சிறிய, பின்பக்கம் சுத்தமான புட்டாவை.

எல்லோரும் ஆசைப்படுவது ஜரிகைக் கரையே டையில் தெரிய வேண்டும் என்று. கரையை நீளவாக்கில் அப்படியே டையாக மடித்தால் அது நேர்வெட்டு. ஜரிகை இழை பட்டைப் போல இசைந்து கொடுக்காது, முடிச்சு கோணலாக உட்காரும், கழுத்தை உரசும், ஒரு மாலைக்குள் ஜரிகை கிளம்பிவிடும். எங்கள் தீர்ப்பு: கரையைக் கோட் பாக்கெட்டில் வைக்கும் கைக்குட்டைக்கும், டையின் பின்பக்க லைனிங்குக்கும், வால் செருகும் பட்டிக்கும் வையுங்கள். காஞ்சிப் பட்டு கனமாக இருப்பதால் உள்துணி மிக லேசானதாக இருக்க வேண்டும் என்று தையல்காரரிடம் தனியாகச் சொல்லுங்கள். டை தைத்துப் பழக்கமில்லாதவர் என்றால், முதலில் மலிவான துணியில் ஒன்று தைத்துக் காட்டச் சொல்வதில் தவறில்லை.

கேள்வி: டையின் பின்னால் நூல் ஒன்று வளையமாகத் தொங்கியது. பிசிறு என்று வெட்டினேன். இப்போது நடுத்தையல் பாதிவரை விட்டுப்போய்விட்டது. விலை கொடுத்து வாங்கிய டை. சரிசெய்யலாமா?
— ஜீவன்பீமா நகர் வாசகர்

பதில்: செய்யலாம். நீங்கள் வெட்டியது டையின் முதுகுத்தண்டு. நடுத்தையல் முழுவதும் ஒரே நூலில், வேண்டுமென்றே தளர்வாகப் போட்டது. முடிச்சுப் போடும்போது பட்டு நீளும். அந்த நூல் துணிக்குள் வழுக்கிக்கொண்டு கூடவே போய், பிறகு திரும்பும். அதற்கான உபரிதான் அந்த வளையம். சாதாரண மெஷின் தையல் போட்டிருந்தால் முதல் இழுப்பிலேயே நூல் அறுந்திருக்கும். இதற்கென்றே தனி மெஷின்கள் இருக்கின்றன. அவையும் இந்தத் தளர்வைத்தான் கொடுக்கின்றன.

விட்டுப்போன இடத்தை மட்டும் இறுக்கித் தைத்தால் அந்த இடத்தில் சுருக்கம் விழும். மிச்ச நூலையும் உருவிவிட்டு, முழு நீளத்துக்கும் புது நூல் ஓட்டுவதே சரி; மேலே அல்சூர் வாசகிக்குச் சொன்ன முறைதான். கையால் தைக்கத் தெரிந்த யாரும் செய்யலாம், தையல்காரர் மெஷினில் அடித்துத் தருகிறேன் என்றால் மட்டும் கொடுக்காதீர்கள். இனி வளையம் தொங்கினால் டையை இரு கையாலும் லேசாக இழுங்கள், நூல் உள்ளே போய்விடும். கழற்றும்போது வாலை முடிச்சுக்குள்ளிருந்து உருவி இழுப்பதையும் விட்டுவிடுங்கள். போட்ட வழியே திரும்பப் போய் அவிழ்த்தால் நூலுக்கு அடி விழாது.

கேள்வி: ஏழு மடிப்பு டை என்கிறார்களே, அது உசத்தியா?
— பிரேசர் டவுன் வாசகர்

பதில்: அகலமான பட்டுத்துணியை இருபுறமிருந்தும் உள்நோக்கி மடித்து மடித்து, மொத்தம் ஏழு மடிப்பு வரும்படி செய்வது. கனம் பட்டிலிருந்தே வருவதால் உள்துணி இல்லாமலும் செய்வார்கள், லேசாக ஒன்று வைத்தும் செய்வார்கள். சாதாரண டையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பட்டு பிடிக்கும், விலையும் அதனால்தான். மெல்லிய அச்சுப் பட்டில் இது மிக அழகாக விழும். கனமான நெசவில் ஏழு மடிப்பு வைத்தால் முடிச்சு காலருக்குள் அடங்காது. நல்ல கம்பளி உள்துணி வைத்த மூன்று துண்டு டையை இதற்குக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை.

கேள்வி: நாலாவது படிக்கும் பையனின் ஸ்கூல் டையில் ஜிப் பாதியில் சிக்கிக்கொள்கிறது. மாசத்துக்கு ஒன்று வாங்க முடியுமா?
— விவேக்நகர் வாசகி

பதில்: கீழே பிடித்து இழுக்காதீர்கள். முடிச்சுக்குள் இருக்கும் ஸ்லைடரில் பாலியெஸ்டர் இழை மாட்டியிருக்கும். ஸ்லைடரை வந்த வழியே கொஞ்சம் பின்னால் நகர்த்தி, இழையை ஊசி முனையால் எடுத்துவிட்டு, ஜிப் பற்களில் மெழுகுவத்தியைத் தேயுங்கள். ஜிப் ஏறியும் பற்கள் பின்னால் திறந்துகொண்டே போனால் ஸ்லைடர் தளர்ந்துவிட்டது; அதன் இரு பக்கத்தையும் குறடால் ஒரே ஒரு சின்ன அழுத்து. இஸ்திரியைப் பாலியெஸ்டர் சூட்டுக்கு மேல் ஏற்றினால் டை பளபளத்துத் தழும்பாகும், அது போகாது.

கேள்வி: பட்டு டையை வீட்டிலேயே துவைத்து இஸ்திரி போடலாமா?
— மல்லேஸ்வரம் வாசகர்

பதில்: துவைக்கவே வேண்டாம். பட்டும் கம்பளி உள்துணியும் லைனிங்கும் வெவ்வேறு அளவில் சுருங்கும். காய்ந்ததும் முனைகள் சுருண்டு, பழைய நிலைக்கு வராது. சாம்பார் தெறித்தால் தேய்க்காமல் உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். தண்ணீரைத் தொட்டுத் துடைத்தால் கறையைவிடப் பெரிய நீர்வளையம் விழும். எண்ணெய்க் கறைக்கு முகப் பவுடரைத் தூவி ஒரு இரவு விட்டுத் தட்டுங்கள். அதற்கும் போகாதது டிரை கிளீனிங்குக்கு. அங்கே ‘ஓரத்தை அழுத்த வேண்டாம்’ என்று சொல்லிக் கொடுங்கள். டையின் பக்க ஓரங்கள் உருண்டு நிற்க வேண்டியவை. இஸ்திரியில் கத்தி மடிப்பாக்கிவிட்டால் டை தட்டையாகி, அந்த மடிப்பிலேயே பட்டு தேய்ந்து கிழியும். வீட்டில் சுருக்கம் எடுக்க, மேலே பருத்தித் துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியை டையில் படாமல் உயர்த்திப் பிடித்து நீராவி மட்டும் காட்டுங்கள். பெரும்பாலான சுருக்கம் ஒரு இரவு சுருட்டி வைத்தாலே போய்விடும்.

கேள்வி: என் உயரம் 6 அடி 3 இஞ்ச். கடை டை இடுப்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது. தைக்கக் கொடுத்தால் எவ்வளவு கூட்டச் சொல்ல வேண்டும்?
— இந்திராநகர் வாசகர்

பதில்: 62 இஞ்ச் வரை கேளுங்கள். கூட்டுவதைக் கழுத்துத் துண்டில் கொஞ்சமும் வாலில் கொஞ்சமும் பிரிக்கச் சொல்லுங்கள்; முன் இலையில் மட்டும் கூட்டினால் ஒட்டுத் தையல்கள் இடம் மாறிவிடும். இப்போது வைத்திருக்கும் டையைக் கட்டிக்கொண்டு, முனையிலிருந்து பெல்ட் பக்கிளின் நடுப்பகுதி வரை எத்தனை இஞ்ச் குறைகிறது என்று அளந்து, அந்த டையையும் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அகலத்தைக் கோட்டின் காலர் மடிப்பு அகலத்தை ஒட்டி முடிவுசெய்யலாம்.